வன்தட்டின் நோய்க்குறிகள்

பட்டாசுத் தொழிலால் பிழைக்கும் ஊர்களிலே வாழ்வார்க்கு முன்னறிகுறி என்பதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை வட்டாரத்திலே உள்ள தாயில்பட்டியும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் அத்தகையன. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டு உப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டுவிடின் அக்கலவை தானே மெல்லச் சூடேறத் தொடங்கும். அம்மோனியா வாடையும் எழும். அதனைத் தடுத்தற்பொருட்டே இத்தகைய கலவைகளில் சிறிது போரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. சூடும் வாடையும் தோன்றிய பின்னர், தொழிலறிந்தோர் அதனைக் கையால் அளைந்து பாரார். காரணம் யாது என ஆராய்ந்துகொண்டும் நில்லார். முதற்கண் ஆட்களை அகற்றுவர். ஆராய்ச்சி அதன் பின்னரே. உயிரைக் காக்கும் இம்முறை, உயிரில்லாப் பொருளாகிய கணிப்பொறியின் வன்தட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்பதனை இக்கட்டுரையிற் காட்டப் புகுகின்றோம்.

கடைகளிலும் அலுவலகங்களிலும் 'ஹார்டு டிஸ்க்' என்று வழங்கும் கருவியையே யாம் ஈண்டு வன்தட்டு என்கின்றோம். கணிப்பொறியில் நாம் எழுதிய கடிதமும், வரைந்த படமும், பதிந்த குரலும், போட்ட கணக்கும் மின்சாரம் நின்ற பின்னும் அழியாது தங்கியிருப்பது அதன்கண்ணேயாம்.

சிவகாசி வட்டாரத்திற்கும் வன்தட்டுக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. 1920-களின் தொடக்கத்திலே பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய வரலாறு பலரும் அறிந்ததே. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபில் வேண்டியிருந்தமையால் அச்சுத்தொழில் அவற்றிற்குத் தோழனாக வளர்ந்தது. வளர்ந்து, நாட்காட்டியும் நாட்குறிப்பும் நோட்டுப் புத்தகமும் நாடெங்கும் அனுப்பும் பெருந்தொழிலாயிற்று. பழைய நாளில் ஒரு லேபிலின் மூல உருவம் லித்தோ கல்லின்மீது இருந்தது. பின்னர்ப் பிலிமில் இருந்தது. பிலிமை உறையிலிட்டு அலமாரியில் அடுக்கி வைப்பர். அதிற் கீறல் விழுந்தாலும், பூஞ்சை படர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். இக்காலத்திலோ உருவத்தைக் கணிப்பொறியிலே வரைந்து, அங்கிருந்தே அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். கல்லும் இல்லை, பிலிமும் இல்லை. மூலம் என்று எஞ்சுவது வன்தட்டிலே காந்தப் புள்ளிகளாய்க் கிடப்பது ஒன்றே. அது கெடுங்கால் கண்ணுக்குப் புலனாவதில்லை.

இழப்பும் வாணிகத்தோடு நிற்பதன்று. சிற்றூர்ப் புகைப்பட நிலையங்களின் வன்தட்டுகளிலே திருமணமும், காதணி விழாவும், பொங்கல் விளையாட்டுப் போட்டியும் படங்களாக உறைந்து கிடக்கின்றன. வெடிவிபத்திலே தாயையோ மகனையோ பறிகொடுத்த குடும்பங்கள் இவ்வட்டாரத்திற் பல. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தொன்றே முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரைக் கொண்டது. இவ்வாறு திடீரென மறைந்தாருடைய முகம் பின்னர்ச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்பெறுமாயின், அஃது எவர் வீட்டு விழாவிலோ கூட்டத்தோடு கூட்டமாக எடுத்த படத்திலிருந்து பெயர்த்தெடுத்ததாக இருத்தல் கூடும். அப்படம் ஒரு நிலையத்தின் ஒரு மேசையடியில் ஒரே ஒரு தட்டில் இருக்குமாயின், அத்தட்டின் நலம் அக்குடும்பத்தின் நலமுமாகிறது என்பதனை விளக்கவும் வேண்டுமோ?

இனி அதன் அமைப்பை ஒருவாறு கூறுவாம். உலகின் முதல் வன்தட்டை 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்தார் 'ராமக்' என்னும் கணிப்பொறியோடு வெளியிட்டனர். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை ஓர் அச்சிற் கோத்த அப்பெருங்கருவி 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கிற்று. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு நல்ல படத்திற்கே அவ்விடம் போதாது. அளவு சுருங்கிக் கொள்ளளவு பெருகினும் அடிப்படை மாறவில்லை. அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆகிய வட்டத் தட்டின்மீது மிக மெல்லிய காந்தப் பூச்சு உண்டு. தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். கைபோன்ற ஒரு கம்பின் நுனியிலுள்ள 'ஹெட்' என்னும் தலை, அப்பூச்சில் காந்தப் புள்ளிகளை எழுதவும் படிக்கவும் செய்யும்.

இத்தலை தட்டைத் தொடுவதில்லை என்பதே வியப்பு. தட்டு சுழலும் விசையால் எழும் காற்றுப் படலத்தின்மீது அது மிதக்கின்றது. இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. மனிதரின் தலைமயிரின் தடிப்பு அதனைப்போல் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு. மேசைக் கணிப்பொறியிலுள்ள தட்டின் விளிம்போ மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றது. இத்துணை விரைவில் இத்துணை அருகில் ஓடுமிடத்து ஒரு தூசித் துகளும் மலையேயாகும். தலை தட்டில் உரசுமாயின் காந்தப் பூச்சுப் பொடியாகப் பெயரும். அப்பொடி மேலும் உரசலை விளைக்கும். ஆதலின் இந்நோய் தன்னைத் தானே வளர்க்கும் இயல்பினது. ஒவ்வொரு நிமிட ஓட்டமும் எஞ்சியதை அரிக்கின்றது. பின்னர்க் கூறப்போகும் நெறிகளெல்லாம் இவ்வொன்றிலிருந்தே பிறப்பன என்பதனை மாணவ அன்பர்கள் நினைவிற் கொள்வாராக.

குறிகளுள் காதுக்குப் புலனாவது முதலில் நிற்கும். நல்ல தட்டின் ஒலி சீரான மெல்லிய இரைச்சல். அதனிடையே 'டிக், டிக்' என ஒரே இடைவெளியில் மீண்டும் மீண்டும் தட்டும் ஒலி எழுமாயின், தலை தன் இடத்தைக் காணமாட்டாது தேடித் தேடித் திரும்புகின்றது என்பது பொருள். உலோகம் உரசுவதுபோன்ற கீச்சொலி அதனினும் கொடிது. சுழலத் தொடங்கி உடனே அடங்குதலும் ஒரு குறி. இவற்றுள் எது கேட்பினும் காலம் மிகக் குறுகியது என்று கொள்ளல் வேண்டும்.

மற்றைக் குறிகள் ஓசையின்றி வருவன. ஆதலின் பெரும்பாலும் புறக்கணிக்கப்படுவன. நேற்றுவரை நொடியில் திறந்த கோப்புறை இன்று ஒரு நிமிடம் தாழ்த்துத் திறக்கும். அப்பொழுது கணிப்பொறியே உறைந்து நின்று, பின் ஒன்றும் நிகழாததுபோல் ஓடும். ஒரு கோப்பைப் படியெடுக்கையில் குறிப்பிட்டதோர் இடத்திலேயே மீண்டும் மீண்டும் தடைப்படும். படத்தின் மேற்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் வரும். கோப்பின் பெயர் பொருளற்ற குறிகளாக மாறும். தட்டு முழுவதுமே சிலவேளை கணிப்பொறியின் கண்ணுக்கு மறைந்து, அணைத்துப் போட்டால் மீண்டும் தோன்றும். இவ்விறுதிக் குறியே மிகவும் ஏமாற்றுவது. மீண்டும் தோன்றியவுடன் 'சரியாகிவிட்டது' என்று மகிழ்ந்து பழைய வேலையைத் தொடர்வார் பலர். தோன்றிய அந்நேரமே கடைசி வாய்ப்பாகவும் இருக்கலாம்.

ஆயினும் குறியெல்லாம் தட்டின் குறியே என்று துணிதலும் பிழை. நச்சுநிரல் என்னும் வைரசினாலும், இடம் நிறைந்தமையாலும், நினைவகக் குறைவாலும் கணிப்பொறி மந்தமாவதுண்டு. கையடக்கமான யூ.எஸ்.பி. தட்டு போதிய மின்சாரம் பெறாவிடினும் 'டிக், டிக்' என்னும். பழங் கேபிளை மாற்றினாலோ, வேறு துளையில் இணைத்தாலோ அவ்வொலி அடங்கிவிடும். இவ்வேறுபாட்டைக் காட்டுதற்குத் தட்டே தன்னகத்து ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றது. அதனை இனிக் காண்பாம்.

1990-களில் ஐபிஎம், காம்பேக் முதலிய நிறுவனங்கள் தொடங்கிய முயற்சியின் பயனாக எழுந்தது 'ஸ்மார்ட்' என்னும் முறை. தட்டு தன் ஓட்டத்தைத் தானே கவனித்து, நிகழும் குறைகளை எண்ணிட்ட பத்திகளில் பதிந்துகொள்ளும். 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருளாலும், லினக்சில் 'ஸ்மார்ட்சிடிஎல்' என்னும் கட்டளையாலும் அதனை எவரும் படிக்கலாம். பத்திகள் பலவாயினும் முதன்மையாகக் காணவேண்டுவன சிலவே. தட்டின் பரப்பு 'செக்டர்' எனப்படும் சிறு கூறுகளாக வகுக்கப்பட்டது. கெட்ட செக்டருக்கு ஈடாகப் பயன்படச் சில செக்டர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவ்வாறு இதுவரை மாற்றியவை எத்தனை என்பதனை 5-ஆம் எண் கூறும். படிக்க முடியாமல் ஐயத்தில் நிற்பவை எத்தனை என்பது 197-ஆம் எண். முற்றும் படிக்க இயலாதவை 198. பிழை திருத்தவும் ஒல்லாது கைவிட்டவை 187. கட்டளை நிறைவேறாது காலங்கடந்தவை 188. இவை சுழியமாக இருத்தலே நலம். 199-ஆம் எண் மட்டும் உயர்ந்திருக்குமாயின் குற்றம் பெரும்பாலும் தட்டினதன்று, கேபிளினது.

இக்குறிப்பேட்டை எவ்வளவு நம்பலாம் என்னும் வினாவிற்கு விடை 2007-ஆம் ஆண்டிலே கிடைத்தது. கூகுள் நிறுவனத்து ஆய்வாளர் மூவர் தம் நிலையங்களில் ஓடிய 1,00,000-க்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். பரப்பைச் சோதிக்கையில் முதற் பிழை காட்டிய தட்டு, அத்தகைய பிழையில்லாத தட்டைக் காட்டிலும் அடுத்த 60 நாள்களுள் செயலறுதற்கு 39 மடங்கு வாய்ப்புடையது என அவர் கண்டனர். இஃது ஒரு புறம். மற்றொரு புறம், செயலற்ற தட்டுகளுள் 56 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை முதன்மையான நான்கு குறிகளுள் ஒன்றையேனும் காட்டாமலே போயின. வெப்பம் ஒன்று நீங்கலாக ஏனைய குறிகளையெல்லாம் சேர்த்து நோக்கினும் 36 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை குறியின்றியே மாண்டன. பல்லாயிரம் தட்டுகளை ஓட்டிவரும் பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தார், மேலே யாம் கூறிய ஐந்து எண்களைக் கொண்டு 2016-இல் தம் கணக்கை வெளியிட்டனர். அவர்தம் கணக்கில் குறியின்றிச் செயலற்றவை 23.3 விழுக்காடு.

இவ்விரு கணக்குகளையும் கூட்டி நோக்கின் பெறப்படுவது யாது? குறி காட்டிய தட்டை நம்பலாகாது; குறி காட்டாத தட்டையும் நம்பலாகாது. குறி என்பது நோயைத் தீர்க்க வந்த அழைப்பன்று. உள்ளதைப் பெயர்த்துக்கொள்ளத் தரப்பட்ட அவகாசம். நால்வரில் ஒருவர்க்கோ மூவரில் ஒருவர்க்கோ அவ்வவகாசமும் கிட்டுவதில்லை.

குறி கண்டவுடன் செய்யத்தக்கது யாதெனில், அத்தட்டின்மீது புதிதாக ஒன்றும் எழுதாது நிறுத்துதலேயாம். நடந்துகொண்டிருக்கும் அச்சு வேலையை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்பது கூடாது. ஐப்பசித் தீபாவளிக்குரிய லேபிலும், தைக்குள் முடியவேண்டிய நாட்காட்டியும் நெருக்கும் காலத்தில் இதனைச் செய்வது எளிதன்று என்பதனை யாம் அறிவோம். எளிதன்றாயினும் வேறு வழியில்லை. அடுத்து, நல்ல தட்டொன்றைக் கொணர்ந்து, மீண்டும் பெறமுடியாதவற்றை முதலிற் படியெடுத்தல் வேண்டும். திரைப்படமும் பாட்டும் விலைக்கு வாங்கிய மென்பொருளும் மீண்டும் கிடைக்கும். தாமே வரைந்த மூலமும், கணக்கேடும், குடும்பப் படமும் கிடையா. முழுத்தட்டையும் வரிசையாகப் படியெடுக்கப் புகுந்து, பயனற்ற கோப்பு ஒன்றிலே தட்டு திணறி மடிய, வேண்டியது கிட்டாமற் போதலும் உண்டு. வெள்ளம் வரும்பொழுது வீட்டிலிருந்து எதனை முதலில் எடுப்போம் என்பதனை எவரும் சொல்லித் தரவேண்டுவதில்லை, ஈண்டும் அம்முறையே.

சாதாரண முறையிற் படியெடுக்க இடந்தராத தட்டுக்கு 'டிடிரெஸ்கியூ' என்னும் இலவச மென்பொருள் உண்டு. அது முதலில் எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளையெல்லாம் விரைந்து பெயர்த்துக்கொண்டு, அரிய இடங்களைக் குறித்து வைத்து, அவற்றிற்குப் பின்னர் மீளும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இஃது அறிவுடைய முறை. ஆனால் உரசும் ஒலியோ இடையறாத 'டிக்' ஒலியோ எழும் தட்டில் இதனையும் ஓட்டுதல் தகாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இதற்கென்றே தூசியற்ற அறையும் கருவியும் உடைய மீட்பு நிலையத்தை நாடலே நன்று. செலவு மிகுதிதான், உள்ளிருக்கும் பொருளின் அருமை நோக்கி அவரவரே துணிக.

செய்யத்தகாதனவும் சில உள. விண்டோசில் உள்ள 'செக்டிஸ்க்' என்னும் சோதனையை நோயுற்ற தட்டில் ஏவுவது பலர் முதலிற் செய்யும் செயல். அஃது அட்டவணையைச் சீர்ப்படுத்தும் கருவியேயன்றி உள்ளிருப்பதைக் காக்கும் கருவியன்று. நோயுற்ற தட்டை மணிக்கணக்கில் உழுது, அதன்மீதே எழுதவும் செய்யும். படியெடுத்து முடிந்த பின்னர் வேண்டுமாயின் ஏவலாம். தட்டைக் கையால் தட்டுதலும், குலுக்குதலும் பழைய வானொலிப் பெட்டிக்குச் செய்த மருத்துவம்; இதற்கு ஆகாது. குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தால் உயிர் பெறும் என்றொரு செவிவழிச் செய்தி உலவுகின்றது. எடுத்தவுடன் தட்டின்மேல் நீர்த்துளி படியும். சில நானோமீட்டர் இடைவெளியில் நீர்த்துளி என் செய்யும் என்பதனை அன்பர்களே உய்த்துணர்க. மூடியைத் திருகாணி கழற்றித் திறந்து பார்த்தலோ, கரிசற்காட்டுப் புழுதிக் காற்றை உள்ளே அழைத்து விருந்திடுவதாகும்.

நிற்க. படியெடுத்தலாகிய இக்கடமை கணிப்பொறியோடு பிறந்ததன்று. நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். ஓலையும் அழியும் பொருளே. செல்லரிக்கும், ஓரம் பொடியும், கட்டவிழ்க்கையில் ஒடியும். ஆதலின் பழஞ்சுவடி நைவதற்கு முன்னே புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவர். இவ்வாறு தலைமுறைதோறும் பெயர்த்தெழுதியோர் கையாலேயே சங்க நூல்கள் நமக்கு எட்டின. பெயர்த்தெழுதுவார் அற்றுப்போன நாளில் எஞ்சிய சுவடிகளைத் தேடி அலைந்து, சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களும், உ. வே. சாமிநாதையரவர்களும் அச்சேற்றினர். சீவகசிந்தாமணி 1887-இலும், புறநானூறு 1894-இலும் ஐயரவர்களால் வெளிவந்தன. அவர்கள் கைக்கு வருமுன்னே மறைந்த நூல்களோ பல. பெயரளவில் எஞ்சியவையும் உள. ஒரு படியே இருந்த நூல் அப்படியோடு மாண்டது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபொழுதும் வேறு படியில்லாத ஏடுகள் மறைந்தன. இதற்கு மாறாக, 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தமிழ் நூல்களைக் கணிப்பொறி எழுத்தில் ஏற்றி, எவரும் படியெடுத்துக்கொள்ள இலவசமாக வழங்குகின்றனர். ஆயிரம் வீடுகளில் உள்ள நூலை ஒரு தட்டின் சாவு அழிக்க வல்லதன்று.

காப்புப்படி எத்தனை வேண்டும் என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞராகிய பீட்டர் குரோக் என்பார் கூறிய 3-2-1 என்னும் கணக்கு இன்று எங்கும் ஒப்பப்படுகின்றது. மூலத்தோடு சேர்த்து 3 படிகள். அவை 2 வகைப் பொருள்களில். அவற்றுள் 1 வேற்றிடத்தில். இவற்றுள் இறுதிக் கூறே எங்கள் வட்டாரத்தார்க்கு இன்றியமையாதது என்போம். மேசைமேலுள்ள கணிப்பொறியில் ஒரு படியும் அம்மேசையின் இழுப்பறையில் ஒரு படியும் வைப்பார் உளர். நெருப்புக்கு இரண்டும் ஒன்றே. தாயில்பட்டியில் கடை வைத்திருப்பவர் ஒரு படியைச் சாத்தூரிலுள்ள அண்ணன் வீட்டிலோ, விருதுநகரில் மணமாகிச் சென்ற மகள் வீட்டிலோ வைக்கலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்பொழுது பழையதை எடுத்துப் புதியதை வைத்து வரலாம். இணைய வசதியுடையார் அயலிடத்துச் சேமிப்பகத்தில் ஏற்றி வைப்பதும் இவ்வகையே. இரு தட்டுகளில் ஒரே பொழுதில் எழுதும் 'ரெய்டு' முறையைக் காப்புப்படி என மயங்குதல் கூடாது. தவறி அழித்தால் இரண்டிலும் ஒருங்கே அழியும். 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் கேடு உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டியபொழுது, எப்பொழுதும் கணிப்பொறியோடு இணைந்தே கிடக்கும் படியும் பாதுகாப்பன்று என்பது விளங்கிற்று. படியெடுத்தபின் கேபிளைக் கழற்றி வைத்தல் வேண்டும்.

படி இருக்கின்றது என்று நம்புவதும், அது திறக்கின்றது என்று அறிவதும் வெவ்வேறு. 1998-இல் பிக்சார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' என்னும் சித்திரப் படத்தை ஆக்கிக்கொண்டிருக்கையில், எவரோ தவறாக இட்ட கட்டளையொன்று படத்தின் பெரும்பகுதியை அழித்தது. காப்புப்படியை நாடினர், அதுவும் செவ்வனே பதியவில்லை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. கேலின் சுஸ்மன் என்னும் அம்மையார் மகப்பேற்றுக்குப்பின் வீட்டிலிருந்தே பணிபுரிந்தமையால், அவர் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு படி இருந்தது. அதனைப் போர்வையாற் சுற்றிக் காரிலே கொணர்ந்தனர் என்ப. அத்துணைப் பெரிய நிறுவனத்தைக் காத்தது வேற்றிடத்திலிருந்த ஒரு படியே. அதுவும் திட்டமிட்டு வைத்ததன்று. மாதம் ஒருமுறையேனும் காப்புப்படியிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்த்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

தட்டின் வாழ்நாளைக் குறைப்பன எவை என்று கேட்பாருமுளர். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலை நினைந்து வெப்பத்தையே முதற்பகை என்பர். மேற்கூறிய கூகுள் ஆய்வோ, மிக உயர்ந்த வெப்பத்திலும், சில ஆண்டுகள் ஓடி முதிர்ந்த தட்டுகளிலுமன்றி வெப்பத்திற்கும் சாவிற்கும் நெருங்கிய தொடர்பு காணவில்லை. ஆயினும் பல தட்டுகளுக்கு 60 செல்சியஸ் பாகையே மேல் வரம்பாக விதிக்கப்பட்டிருத்தலின், காற்றோட்டமற்ற அலமாரியில் அடைத்து வைத்தல் நன்றன்று. ஓடும்பொழுது விழுதலும் அதிர்தலும் வெப்பத்தினும் கொடியன. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நிற்குமாயின், தலை தானே ஒதுங்கிக்கொள்ள வழி செய்யப்பட்டிருந்தாலும், எழுதிய கோப்பு அரைகுறையாக நிற்கும். 2012-இல் தமிழ்நாட்டில் நாளுக்குப் பலமணி நேரம் மின்வெட்டிருந்த காலத்தை நினைவுடையார் 'யூ.பி.எஸ்.' இன் அருமையை அறிவர்.

நீரிற்பட்ட தட்டைப்பற்றி ஒன்று கூறுதும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபொழுது கணிப்பொறிகள் பல நீரில் மூழ்கின. நனைந்த தட்டை உலர்ந்ததா என்று பார்க்க மின்சாரம் கொடுத்தலே அதனைக் கொல்லும் வழி. வெயிலிற் காயவைப்பதும் சேற்றுப் படிவைத் தட்டில் உறைய வைக்கும். ஈரத்தோடே பையிலிட்டு மூடி மீட்பு நிலையத்திற்கு அனுப்புதல் முறை. நம்பிக்கையை எளிதிற் கைவிடவும் வேண்டா: 2003 பெப்ருவரி 1-ஆம் நாள் சிதறி வீழ்ந்த கொலம்பியா விண்ணூர்தியின் இடிபாடுகளில் கரிந்து கிடந்த தட்டொன்றிலிருந்து, அதிற் பதிந்த ஆராய்ச்சிக் குறிப்புகளின் பெரும்பகுதி மீட்கப்பட்டது, அவ்வாராய்ச்சியின் முடிவு 2008-இல் வெளியாயிற்று. 

புதிய கணிப்பொறிகளிலே சுழலும் தட்டுக்கு மாறாக 'எஸ்.எஸ்.டி.' என்னும் மின்னணுச் சேமிப்பகம் வருகின்றது. அதில் ஓடும் உறுப்பு ஒன்றும் இல்லை, விரைவும் மிகுதி. ஆனால் ஓசையின்மையால் ஓசைக்குறியும் இல்லை. சில, இறுதிக் காலத்தில் படிக்க மட்டும் இடந்தந்து எழுத மறுக்கும். அதுவே அவற்றின் விடைபெறல். வேறு சில, மாலை நன்றாயிருந்து காலையில் இல்லையாகும். நீண்ட காலம் மின்சாரமின்றிப் பெட்டியில் வைத்தால் பதிந்தது மெல்லத் தேய்தலும் உண்டு. ஆதலின் ஆண்டுக்கணக்கில் உறங்கவேண்டிய காப்புப்படிக்குச் சுழலும் தட்டே ஏற்றதென யாம் கருதுகின்றோம். அதனையும் இடையிடையே ஓட்டிப் பார்த்து, சில ஆண்டுகளுக்கொருமுறை புதியதற்குப் பெயர்த்தல் வேண்டும்.

இறுதியாக, மாண்ட தட்டை என் செய்வது? உத்தரவாதக் காலம் கழியாதிருப்பின் நிறுவனத்தார் வேறு தட்டுத் தருவர்; உள்ளிருந்ததைத் தரும் பொறுப்பு பொதுவாக அவ்வுத்தரவாதத்திற் சேர்வதில்லை. திருப்பி அனுப்பும் தட்டிலோ பிறர் காணத்தகாத கணக்கும் படமும் இருக்கக்கூடும் என்பதனை எண்ணிப் பார்த்தே அனுப்புக. உத்தரவாதம் கழிந்ததாயின், துளையிட்டு உட்தட்டைச் சிதைத்த பின்னரே அப்புறப்படுத்தல் வேண்டும். மடிக்கணினிகளின் சிறு தட்டுகள் பல கண்ணாடியாலாயவை. உடைக்குங்கால் சில்லுகள் தெறிக்கும். ஆதலின் துணியிற் சுற்றி, கண்ணுக்குக் காப்பணிந்து செய்க. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவி வந்த காலத்து வழக்கப்படி தெருவிற் கொடுத்துவிடாமல், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.